விஜிதா நிரப்பிய பதினொரு படிவங்கள்

முப்பத்தொரு வருடமாகப் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறவன் நான். வினாக்கொத்து என்றால் என்ன, அதை எப்படித் தயாரிப்பது, பதில் சொல்கிறவர்கள் எந்தெந்த இடத்தில் பொய் சொல்வார்கள், அந்தப் பொய்யை எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் வருடா வருடம் பலகையில் எழுதிப் போட்டவன். அப்படிப்பட்டவன் தனக்கு வந்த வினாக்கொத்தை என்ன செய்தான் என்று கேள்விப்பட்டால் என் பழைய மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இது விஜிதாவின் கதை. ஆனால் என் மானத்தைக் கொஞ்சம் கப்பலேற்றாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

மாத்தளை நகரத்தைத் தாண்டி அலுவிகாரைப் பக்கம் போனால், வாகன உதிரிப்பாகக் கடை ஒன்றுக்கும் கலியாண மண்டபம் ஒன்றுக்கும் நடுவே எங்கள் நிறுவனம் இருக்கிறது. உயர்கல்வி நிறுவனம் என்று பெயர்ப்பலகை சொல்லும். மூன்று மாடி, பதினொரு விரிவுரையாளர்கள், எந்த நாளும் எங்கேயாவது ஒரு குழாய் ஒழுகும். கணக்கியல், முகாமைத்துவம், ஆங்கிலம் என்று டிப்ளோமா பாடநெறிகள். பிள்ளைகள் தம்புள்ளையிலிருந்தும் வருகிறார்கள், வஹகோட்டையிலிருந்தும் வருகிறார்கள், ரத்தோட்டைக்கு மேலே இருக்கிற தோட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். இரண்டாம் மாடியில் கணினிக்கூடம். அதன் மூலையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேசை. அங்கேதான் தொழில்நுட்ப உதவியாளர் விஜிதா உட்கார்ந்திருப்பார்.

விஜிதாவுக்கு வயது நாற்பத்துநான்கு. எல்கடுவைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். தகப்பன் முத்துவீரன் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவர், தாய் கொழுந்து பறித்தவர். கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதி, வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்து, பல்கலைக்கழகம் கைநழுவிப் போயிற்று. அதைப் பற்றிக் கேட்டால், "போகட்டும் சேர், போயிருந்தா ஒங்க எல்லாரையும் சந்திச்சிருக்க மாட்டேனே" என்பார். இது பாராட்டா கிண்டலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கணினியில் டிப்ளோமா ஒன்று செய்துவிட்டு, மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் எட்டு வருடம் வேலை பார்த்தார். போட்டோ பிரதி எடுப்பது, கடிதம் அச்சடிப்பது. அதைவிடப் பெரிய வேலை, வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், புலமைப்பரிசில், வெளிநாட்டு வேலை. தோட்டத்திலிருந்து இறங்கி வருகிறவர்கள் வேறு கடைக்குப் போகமாட்டார்கள். விஜிதா ஒரு கேள்விகூடக் கடுமையாகக் கேட்காமல், ஆளின் முகத்தைப் பார்த்தே பாதியை நிரப்பிவிடுவார். அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. "படிவம் நிரப்புறதுன்னா அந்த ஆளுக்கு நல்லது நடக்கிற மாதிரி நிரப்பணும் சேர்." அந்தக் கொள்கைதான் பிறகு அவரைத் தூரத்து மொனராகலை வரைக்கும் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது.

எங்களிடம் அவர் வந்தது கொரோனாவுக்கு ஒரு வருடம் முன்பு. கணவர் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் ஒரு மரக்கறிக் கடையில் நிறுவை பார்க்கிறவர், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் தங்குவார். ஒரே மகள். ரத்தோட்டை வீதியில் வாடகை வீடு. மகளின் பாடசாலைக்கும் அந்த வீட்டுக்கும் பத்து நிமிட நடை.

பிறகு லொக்டவுன் வந்தது. வீட்டிலிருந்தே வகுப்பு நடத்துங்கள் என்று உத்தரவும் வந்தது. எங்கள் பதினொரு பேரில் மின்னஞ்சலை ஒழுங்காகத் திறக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர், நான் அந்த மூவரில் இல்லை. எல்லோரும் என்ன செய்தோம்? விஜிதாவுக்கு அழைத்துக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டோம். அவர் தடித்த அட்டை போட்ட ஸீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து, ஆளுக்குச் சில பக்கங்கள் ஒதுக்கி, மேலே பெயரும் கடவுச்சொல்லும் எழுதிவைத்தார். பாடக்குறிப்பைத் தளத்தில் ஏற்றுவது, ஸூம் வகுப்பைத் திறந்துவிடுவது, மாணவர்கள் அனுப்பும் ஒப்படைகளை இறக்கித் தருவது, எல்லாம் அவர்தான். நாங்கள் பேசினோம். மற்ற அனைத்தையும் அவர் செய்தார். லொக்டவுன் முடிந்த பிறகும் பாதி வகுப்புகள் இணையத்திலேயே தங்கிவிட்டன, கொப்பியும் விஜிதாவிடமே தங்கிவிட்டது.

என்னுடைய முதல் இணைய வகுப்பைச் சொல்லியே ஆகவேண்டும். நாற்பத்தாறு கறுப்புச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். ஒரு மணித்தியாலம் பேசினேன். "விளங்குதா?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். யாரோ வீட்டில் சேவல் கூவியது, அவ்வளவுதான். இரண்டு வாரம் இப்படியே போனது. "சுவருக்குப் படிப்பிச்சிட்டு வாறேன்" என்று மனைவி நூருன்னிஸாவிடம் சொன்னேன். விஜிதாவிடமும் தொலைபேசியில் புலம்பினேன், வேலையை விட்டுவிடப் போகிறேன் என்றேன். உண்மையாகவே விட்டுவிடத்தான் இருந்தேன்.

மூன்றாவது வாரம் வகுப்புக்கு உயிர் வந்தது. இருபதாவது நிமிடம் போல ஒரு பிள்ளை, "சேர், ஒரு டவுட்" என்றது. அடுத்த வகுப்பில் இன்னொரு பிள்ளை. அதற்கடுத்ததில் வேறொன்று. எனக்குக் கால் தரையில் படவில்லை. இந்த வயதிலும் புது வித்தையைப் பிடித்துவிட்டேன் என்று நூருன்னிஸாவிடம் அளந்தேன். "தெரிஞ்ச விஷயந்தானே, வாய் ஓயாதவருக்கு ஸூம் என்ன ரூம் என்ன" என்றாள் அவள். நான் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சென்ற வருடம் ஆகஸ்ட் மாதம் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இணையவழிக் கற்பித்தல் உயர்கல்வி ஆசிரியர்களை எப்படிப் பாதித்திருக்கிறது என்று பதினாறு நிறுவனங்களில் அளக்கப் போகிறார்களாம். தினுஷா என்ற பல்கலைக்கழக ஆய்வாளர் அதற்குப் பொறுப்பு. வேலைப்பளு, களைப்பு, தன்னம்பிக்கை, திருப்தி எல்லாவற்றையும் எண்ணில் பிடிக்க வேண்டும். முப்பத்துநான்கு கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும், சற்றும் உடன்படாவிட்டால் ஒன்று, முழுமையாக உடன்பட்டால் ஐந்து. நல்ல வினாக்கொத்து. நான் தயாரித்திருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் தயாரித்திருப்பேன். அவர்கள் விட்ட ஒரே பிழை, அதைத் தாளில் அனுப்பாமல் இணையத்தில் அனுப்பியது.

இணையத்தில் வருகிற எதுவும் எங்களுக்கு விஜிதாவின் வேலை. முகாமைத்துவம் படிப்பிக்கும் அன்ஸாப் கணினிக்கூடத்துக்குள் தலையை மட்டும் நீட்டி, "விஜிதா, என்னமோ ஃபோர்ம் ஒன்னு வந்தீக்காம், போட்டுடுங்க" என்றுவிட்டுப் போனார். ஆங்கிலம் படிப்பிக்கும் நுஸ்ரா வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பினாள். மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லை, தங்கள் பெயரிலும் போடப்படும் என்று அவர்களுக்குத் தெரியும். இணையவழிக் கற்பித்தல் உங்களை எப்படிப் பாதிக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டோம்.

நான் ஒருவன்தான் பெரிய மனிதனாகக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். முதல் மூன்றையும் போட்டேன். நான்காவது: "எனது இணையவழி வகுப்பில் மாணவர்கள் தாமாகவே கேள்வி கேட்கிறார்கள்." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஐந்து போட்டேன். ஐந்தாவதில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது, மூக்குக்கண்ணாடி கீழ்மாடியில். "மிச்சத்த நீங்களே போட்டுடுங்க விஜிதா" என்று எழுந்துவிட்டேன்.

நவம்பரில் முடிவு வந்தது. பதினாறு நிறுவனங்களில் நாங்கள் முதலிடம். திருப்தி, ஐந்துக்கு நான்கு தசம் எட்டு. மனஅழுத்தம் இல்லவே இல்லை. பதினொரு பேர், முப்பத்துநான்கு கேள்வி, கிட்டத்தட்ட ஒரே பதில். இந்த மாதிரித் தரவை ஒரு மாணவன் கொண்டுவந்திருந்தால், "எந்தக் கடையில உக்காந்து எழுதின?" என்று கேட்டு விரட்டியிருப்பேன். அன்றைக்கு நான் பட்டிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பணிப்பாளர் தேநீர் விருந்து வைத்து, எங்கள் எல்லோருடைய படமும் போட்ட பதாகை ஒன்றை வாசலில் கட்டினார். அந்தப் படத்தில் விஜிதா இல்லை. படத்தை எடுத்தவர் அவர்தான்.

மூன்று வாரம் கழித்து அடுத்த கடிதம். இந்த நிறுவனத்து விரிவுரையாளர்கள் உதவியின்றி இயங்கும் ஆற்றல் பெற்றிருப்பதால், இங்குள்ள தொழில்நுட்ப உதவியாளர் பதவி ஜனவரி முதலாம் திகதியிலிருந்து மொனராகலை நிறுவனத்துக்கு மாற்றப்படுகிறது. விஜிதா அங்கே போக வேண்டும், அல்லது விலக வேண்டும். அங்கேயுள்ள விரிவுரையாளர்கள் பாவம், உண்மையைச் சொல்லிப் பதினைந்தாம் இடம் வாங்கியிருந்தார்கள்.

கடிதத்தைக் கேள்விப்பட்டு நான் கணினிக்கூடத்துக்கு ஓடினேன். விஜிதா வழமைபோல மேசையில் இருந்தார்.

"என்ன செய்றீங்க?"

"மொனராகலைக்கு பஸ் எத்தன மணிக்குன்னு பாக்குறேன் சேர். கண்டி போய்த்தான் போகணும் போல."

"மகளுக்கு?"

"மார்ச்ல ஓ-எல் பரீட்சை இருக்கு. அவள இங்க விட்டுட்டுப் போக ஆளில்ல, கூட்டிட்டுப் போனா பள்ளிக்கூடம் போயிரும்." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எனக்குச் சந்தேகம் தட்டியது. "அந்த ஃபோர்ம்ல, உதவியாளர் இல்லாம வகுப்பு நடத்த முடியும்னு ஒரு கேள்வி இருந்திச்சே, அதுக்கு என்ன போட்டீங்க?"

"இருபத்தொம்பதாவது கேள்வி சேர். அஞ்சு போட்டேன்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தா நல்லா இருக்காதேன்னு ரெண்டு பேருக்கு நாலு போட்டேன்."

"ஏன் அப்பிடிப் போட்டீங்க?"

"முடியாதுன்னு போட்டா ஒங்களுக்குத்தானே கெடுதல் சேர். மேல இருந்து வந்த படிவம். நாளைக்கி ஒரு பதவி உயர்வுன்னா அதத் தூக்கிப் பாப்பாங்க. மனஅழுத்தத்துக்கும் எல்லாருக்கும் ஒண்ணுதான் போட்டேன்."

"எனக்குமா?"

"ஒங்களுக்கு மொதல்ல."

எனக்கு வந்த கோபத்தில் மேசையைத் தட்டினேன். அவர் மேல் வந்த கோபம் இல்லை. தன்னை வேண்டாம் என்று தன் கையாலேயே பதினொரு தடவை அடையாளம் போட்டிருக்கிறார், அதுவும் எங்களுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று. நான்கு கேள்வியோடு கதிரையிலிருந்து எழுந்து போனவன் நான்தானே.

ஓய்வறையில் பதினொரு பேரும் கூடினோம். விஜிதா எங்களுக்கு வேண்டும் என்று ஒரு மனு எழுதிப் பணிப்பாளரிடம் கொடுத்தோம். அவர் அறிக்கையை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். வேண்டாம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்களே என்றார். படிவத்தை நாங்கள் நிரப்பவில்லை என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதைச் சொல்லாமல் எல்லோரும் ஓய்வறைக்குத் திரும்பினோம்.

"பாஸ்வேர்ட கைமாத்தினது ஒழுங்கு விதிப்படி குத்தம் சேர்" என்றார் அன்ஸாப். "விசாரணை வந்தா எல்லாருக்குந்தான்."

"எனக்கு என் பாஸ்வேர்ட் என்னன்டே தெரியாது" என்றாள் நுஸ்ரா. அந்த நிலைமையிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

விஷயத்தை ஊகித்துவிட்ட பணிப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஸக்கரியா, ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினான்கு மாதம்தான், பேசாமல் இருங்கள்" என்று சிங்களத்தில் அன்பாகத்தான் சொன்னார். நான் பயந்தேன். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, நன்றாகவே பயந்தேன். வீட்டுக்கு வந்து நூருன்னிஸாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் மரக்கறி நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"முப்பத்தொரு வருஷமா பொய்யப் புடிக்கப் படிச்சிக் குடுத்தீங்க. இப்ப ஒங்கட ஒன்ன நீங்களே புடிச்சிக் குடுங்களேன்."

அன்று பின்னேரமே தினுஷாவுக்கு அழைத்தேன்.

அவர் இரண்டு நாளில் வந்தார். முப்பது வயது இருக்கும், தோளில் கனமான பை, சிரித்த முகம். நான் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. பதினொரு பேருடைய கணக்குகளும் வாரா வாரம் திங்கட்கிழமை காலையில், ஒரே கணினியில், ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டு மூடப்பட்டதைத் தளத்தின் பதிவுகளில் ஏற்கெனவே பார்த்திருந்தாராம். ஒரு விரிவுரையாளரிடம் இதை எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டாராம். என் மாணவியாக இருந்திருந்தால் அந்தக் கூச்சத்துக்கே புள்ளி குறைத்திருப்பேன். அன்று எனக்கு அந்தத் தகுதி இல்லை.

"எல்லோரும் கையெழுத்து வைத்தால் பழைய பதில்களை நீக்கிவிடலாம். புதிதாகவும் நிரப்பலாம்" என்றார் தினுஷா. "ஆனால் இந்தத் தடவை அவரைக் காப்பாற்றுவதற்காகத் தலைகீழாகப் போட்டீர்கள் என்று கொழும்பில் சொல்வார்கள். இந்த வருடங்களில் உங்களுக்கு என்ன நடந்தது என்று அந்தந்த நேரத்தில் எழுதியது ஏதாவது இருக்கிறதா?"

நுஸ்ராதான் சொன்னாள்: "விஜிதாட கொப்பி."

உண்மைதான். ஸீ.ஆர். கொப்பியில் கடவுச்சொல்லுக்குக் கீழே அவர் எதையோ எழுதிக்கொண்டே இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. போய்க் கேட்டோம். விஜிதா கொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தரமுடியாது சேர்."

"ஒங்க வேலைக்காகத்தானே கேக்குறோம்!"

"எனக்காகத்தான், தெரியும். ஆனா இது என் விஷயம் இல்லையே. ஒங்க எல்லாரோட விஷயமும் இதுல இருக்கு. கடையில இருந்தப்பவும் ஒருத்தரோட படிவத்த இன்னொருத்தர் பாக்க விட்டதில்ல."

மொனராகலை பஸ்ஸின் நேரம் எழுதிய துண்டு அவருக்கு முன்னால் ஒட்டியிருந்தது. அப்போதும் தரவில்லை. பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்.

மறுநாள் காலையில் எங்கள் ஒவ்வொருவரின் மேசையிலும் ஒரு பழுப்புக் கடித உறை. உள்ளே அவரவர் பக்கங்களின் போட்டோ பிரதி, கடவுச்சொல் இருந்த இடம் மட்டும் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தது. "வாசிச்சுப் பாருங்க. சரின்னா நீங்களே தினுஷா மிஸ்ஸுக்குக் குடுங்க. வேணாம்னா கிழிச்சிடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

நுஸ்ரா நடைபாதையில் நின்றே வாசித்தாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மூன்று மாதம் குளியலறைக்குள் உட்கார்ந்து பாடம் பதிவுசெய்ததும், ஒலிப்பதிவில் வந்த குழந்தையின் அழுகையை விஜிதா ஒவ்வொன்றாக வெட்டி எடுத்ததும் திகதியோடு அதில் இருந்தன. "எங்கட வீட்டுல உள்ளவங்களுக்கே இது தெரியாது" என்று சொல்லி அழுதுவிட்டாள். அன்ஸாப்புக்கு ஒரே நாளில் நான்கு வகுப்பு வைத்துத் தொண்டை போனதும், வீட்டில் அதை மறைத்ததும் அவர் பக்கத்தில் இருந்தனவாம். உறையை மூடித் தினுஷாவிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒழுங்கு விதியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. பத்துப் பேரும் வாசித்துவிட்டுக் கொடுத்தார்கள்.

நான் வாசிக்கவில்லை. எனக்கு வகுப்புக்கு நேரமாகியிருந்தது, மூக்குக்கண்ணாடியும் கையில் இல்லை. கண் கிளினிக் போன நாட்களைத் தவிர என்ன இருக்கப் போகிறது என்று கையெழுத்தைப் போட்டு நீட்டிவிட்டேன். பட்டும் புத்தி வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தினுஷா கணினிக்கூடத்தில் உட்கார்ந்து, தன் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவி ஒருத்தியைக் கொண்டு அந்தப் பக்கங்களை மொழிபெயர்க்கவைத்து, மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து கேட்டார். "என் முப்பத்துநான்கு கேள்வியில் இதில் பாதிகூட இல்லை" என்றார். பிறகு எங்களைப் பழையபடி படிவத்தின் முன்னால் உட்காரவைத்தார். ஒவ்வொருவரும் தன் கடவுச்சொல்லைத் தானே அடிக்க வேண்டும். விஜிதா அவரவருக்கு அதைத் துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே கன்டீனில் இருக்க வேண்டும், மேலே வரக்கூடாது. பதினொரு பேரும் முடிக்க அரை நாள் ஆயிற்று. என் கணக்கு இரண்டு தடவை பூட்டிக்கொண்டது. மனஅழுத்தத்துக்கு ஐந்துக்கு மேல் ஒரு எண் இருந்திருந்தால் அதைத்தான் போட்டிருப்பேன். இருபத்தொன்பதாவது கேள்விக்கு ஒன்று. முதல் தடவையிலிருந்து மாற்றாமல் விட்டது நான்காவது கேள்வியை மட்டும்தான். என் வகுப்பில் பிள்ளைகள் தாமாகவே கேள்வி கேட்கிறார்கள். ஐந்து. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

புதிய முடிவில் பதினாறில் பதினாறாம் இடம் வந்தோம். மொனராகலைக்காரர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். பணிப்பாளர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பதாகை கழற்றப்பட்டு இப்போது அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு மழை மறைப்பாக இருக்கிறது. காற்றடித்தால் என் முகம் படபடக்கும். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முந்தின நாள் கடிதம் வந்தது. விஜிதாவின் இடமாற்றம் ரத்து. மொனராகலைக்கு வேறொருவரைப் புதிதாக எடுக்கிறார்கள். விரிவுரையாளர்கள் பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம், இனிமேல் அவரவர் கடவுச்சொல் அவரவர் கையில்தான் இருக்க வேண்டும் என்று. என் உத்தியோக வாழ்க்கையில் கிடைத்த முதல் எச்சரிக்கைக் கடிதம் அது. பத்திரமாகக் கோப்பில் போட்டிருக்கிறேன்.

விஜிதா கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். பிறகு மகளுக்கு அழைத்து, "எங்கயும் போகல்ல. நீ படி" என்று மட்டும் சொன்னார். போனை வைத்த பிறகு முகத்தைக் கண்ணாடித் தடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். நாங்கள் வெளியே போய் நின்றோம்.

அன்று பின்னேரம் அவர் ஸீ.ஆர். கொப்பியை அடிமட்டம் வைத்து ஒழுங்காகக் கிழித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் பக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார். என்னுடையதை வாங்கியபோது தற்செயலாக மூக்குக்கண்ணாடி என் மூக்கிலேயே இருந்தது.

"ஸக்கரியா சேர். எழுத்து பெரிதாக வேண்டும். செவ்வாய்க்கிழமை கண் கிளினிக், அன்றைக்கு அழைக்கக் கூடாது." எதிர்பார்த்ததுதான். அதற்குக் கீழே, 2020 மே மாதத்துத் திகதியிட்டு: "வகுப்பில் யாருமே இல்லாத மாதிரி இருக்கிறதாம். வேலையை விடப் போவதாகச் சொன்னார். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்பு ஒரு பிள்ளைக்கு அழைத்துச் சொல்ல வேண்டும், இருபதாவது நிமிடம் ஒரு கேள்வி கேட்கும்படி." அதற்குக் கீழே பெயர்கள். ஷிஹாம், அம்றா, பஸ்லி, அக்ரம் என்று வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் எதிரே திகதியும் சரி அடையாளமும்.

என் காது சூடாகிவிட்டது. இவ்வளவு காலமும் நான் நூருன்னிஸாவிடம் அளந்த பெருமை எல்லாம் இதுதானா? பதினொரு படிவத்திலும் நான் மனதாரப் போட்ட ஒரே ஒரு பதில், அதையும் இவரா எனக்காக நிரப்பி வைத்திருக்கிறார்? கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் கணினிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். போய்க் கத்தலாமா கும்பிடலாமா என்று தெரியாமல் நின்றேன். பெயர்களை எண்ணினேன், எண்ணுவது எனக்குப் பழக்கம். ஒன்பது பெயர். ஒன்பது சரி அடையாளம். பக்கத்தின் அடியில் இன்னும் இரண்டு வரி இருந்தது.

"இன்றைக்கு யாருக்கும் சொல்ல மறந்துபோனேன். ஆனாலும் மூன்று பிள்ளைகள் கேட்டார்கள். இனிச் சொல்ல வேண்டியதில்லை."

அதற்குக் கீழே வெறும் கோடுகள்தான். வருடக்கணக்கில் ஒன்றும் எழுதப்படவில்லை.

"என்ன சேர், கடவுச்சொல் வெளங்கலையா?" என்று அங்கிருந்தே கேட்டார் விஜிதா.

"வெளங்குது" என்றேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். நான்காவது கேள்விக்குப் போட்ட ஐந்தை மாற்ற வேண்டியதில்லை.